ஹக்கலயில் ரோஜாவுக்கு முந்தி கொயினா

நுவரெலியா ட்ரிப் போகிற யாரும் ஹக்கல பூங்காவை விடுவதில்லை. டவுனிலிருந்து வெலிமடைப் பக்கம் பத்து கிலோமீற்றர் அளவுதான். வழியில் சீத்தாஎலிய கோயிலில் இறங்கிக் கும்பிட்டு, பூங்காவுக்குள் போய், ரோஜாவுக்கு முன்னால் நின்று பத்துப் படம் எடுத்து, குளிருக்கு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வேனில் ஏறிவிடுவோம். ஏப்ரல் சீசனில் அந்தப் படம் எடுக்கவே வரிசையில நிக்கணும்.

ஆனால் 1861இல் பிரிட்டிஷ்காரர் இந்த இடத்தைத் திறந்தது பூவுக்காக இல்லை, சிங்கோனாவுக்காக. பாட்டிமார் கொயினா என்று சொல்லும் கசப்பு மருந்து அந்த மரத்தின் பட்டையிலிருந்து வருவது. மலேரியாவுக்கு அன்று கையிலிருந்த நம்பகமான மருந்து அது ஒன்றுதான். அது இல்லாமல் வெப்ப நாடுகளில் படையையும் துரைமாரையும் உயிரோடு வைத்திருப்பது பெரும்பாடு. அதனால்தான் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரை அண்டீஸ் மலைக்கு அனுப்பி விதைகளையும் கன்றுகளையும் எடுப்பித்தார்கள். அந்த நாட்டுக்காரருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. நீலகிரியில் ஒரு பங்கு, இலங்கையில் ஒரு பங்கு என்று சிங்கோனா வந்து சேர்ந்தது. 1821இல் தொடங்கிய பேராதனைப் பூங்கா அதற்குச் சூடு கூடிய இடம். ஐயாயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஹக்கலதான் தோதாக இருந்தது.

தாவரவியல் பூங்கா என்றால் அன்றைக்கு ஆராய்ச்சிக்கூடமும் நாற்றுமேடையும்தான். எந்தப் பயிர் எந்த மலையில் காசாகும் என்று முதலில் இங்கே பார்ப்பார்கள். 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடையில் றப்பர் கன்றுகளை வைத்ததும் இதே கணக்கில்தான்.

தோட்டக்காரத் துரைமார் ஆரம்பத்தில் சிங்கோனாவைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. கோப்பியில் காசு கொட்டும்போது யார் பட்டை உரிப்பார்? 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொடி மாதிரி ஒரு நோய் வந்தது. பத்துப் பதினைந்து வருசத்தில் கோப்பி சரிந்துபோக, எல்லாரும் சிங்கோனாவுக்கு ஓடினார்கள். அளவுக்கு மிஞ்சிப் பட்டை சந்தைக்குப் போனதால் 1880களிலேயே விலை விழுந்தது. ஜாவாவில் டச்சுக்காரர் வளர்த்த சிங்கோனாவில் மருந்துச் சத்தும் கூட. அதோடு இங்கே அந்தக் கதை முடிந்தது. ஹக்கல 1884இல் பூங்காவாக மாறியது. மலையெல்லாம் தேயிலை ஏறியது.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது இந்த மாற்றம்தான். கோப்பிக்கு ஆள் கூடுதலாகத் தேவைப்பட்டது பழம் பறிக்கும் காலத்தில். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமாரோடு கடல் தாண்டி, மன்னார்ப் பக்கம் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியாக நடந்து வந்தவர்களில் கணிசமானோர் வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஏராளம். கொயினாவுக்கென்று தனிப்பூங்கா வைத்த அதே காலம் இது என்பதை மறக்கக் கூடாது.

தேயிலைக் கொழுந்து அப்படி விடாது. வருசம் முழுக்க, கிழமைக்கு ஒருக்கா கிள்ளணும். அதற்குப் பெண்களின் கை வேணும், அவர்களோடு குடும்பமும் வேணும். அப்படித்தான் வந்துபோன சனம் லயத்தில் நிலையாகக் குடியேறியது. பயிர் மாறினதால் இருப்பும் மாறியது. இத்தனைக்குப் பிறகும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை வந்துபோகிற ஆட்களாகவே பார்த்தது. தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவரிடம் அந்தக் கடதாசி எங்கே இருக்கும்? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இங்கே என்று பிரித்தது. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தார்கள். நாற்றுக் கணக்கு மாதிரித்தான்.

ஹக்கலயில் மரத்துக்கு மரம் பலகை மாட்டியிருக்கிறது. இலத்தீன் பெயர், குடும்பம், தாய்நாடு. அங்கே நிற்கிற பல மரங்கள் பிறநாட்டிலிருந்து வந்தவை. அவற்றைப் பற்றி இவ்வளவு எழுதிவைத்த இடத்தில், மலையை வெட்டித் தோட்டமாக்கினவர்களைப் பற்றியும் ஒரு பலகை வைக்க இடமிருக்கும். தமிழிலும் சிங்களத்திலும் நாலு வரி போதும்.

அடுத்த முறை போகிறவர்கள் ரோஜாவோடு திரும்பாமல் கொஞ்சம் உள்ளே நடந்து, வெலிமடைப் பக்கத்து மலைகள் தெரிகிற இடம் வரைக்கும் போய்ப் பாருங்கள். குளிர்ச் சட்டை கட்டாயம், மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் ஒன்றும் தெரியாது.