அடுப்புக்கு மேலே ஒரு கொடி

எங்கள் வீட்டு உப்புக்கண்டம் பெரும்பாலும் குலசாமி கோயிலில்தான் பிறந்தது. வீரகனூர் சந்தையில் பிடித்து வந்த கெடா சாமிக்கு விழும். பந்தி முடிந்து, பங்காளிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்த பிறகும் ஒரு கூடை கறி மிஞ்சும். ஐஸ்பெட்டி இல்லாத காலம் அது. பங்குனி வெயிலில் மறுநாள் விடிவதற்குள் கறிக்கு வாடை வந்துவிடும். அதனால் எங்கள் ஊரான தம்மம்பட்டிக்குத் திரும்பியதும், அம்மாவைப் பெற்ற அம்மாயி உட்காரக்கூட மாட்டாள். அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு நேரே கறியை அரியத் தொடங்குவாள்.

கண்டம் என்றால் துண்டு. கண்டந்துண்டமாக வெட்டுவது என்று சொல்கிறோமே, அந்தக் கண்டம்தான். தொடைச் சதையை விரல் நீளத்துக்கு, நார் போகும் திசையிலேயே அரிந்துகொள்வாள். ஒட்டியிருக்கும் கொழுப்பை ஒன்றுவிடாமல் எடுத்துவிடுவாள். கொழுப்பு காயாது, நாள்பட்டால் காறிப்போகும். பிறகு கல்லுப்பும் மஞ்சளும் வரமிளகாயும் அம்மியில் அரைத்துப் பிசறி, ஓர் இரவு சட்டியில் ஊறவைப்பாள். காலையில் பார்த்தால் சட்டி அடியில் நீர் தேங்கியிருக்கும். பச்சைக் கறியில் நாலில் மூன்று பங்கு தண்ணீர்தான். கெட்டுப்போக வைக்கும் கிருமிக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். உப்பு முதலில் அதைப் பிடுங்கிக்கொள்கிறது.

அடுத்து கோணி ஊசி. துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சணலில் கோத்து மொட்டை மாடியில் கட்டி, வேட்டித்துணியால் மூடுவோம். காக்காய் விரட்டும் வேலை எனக்கு. நாலைந்து நாள் வெயிலில் ஒரு கிலோ கறி சுருங்கி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக நிற்கும்.

பல வீடுகளில் கதை இங்கேயே முடிந்துவிடும். அம்மாயி வீட்டில் இன்னொரு பயணம் பாக்கி இருந்தது. அந்தச் சரத்தை அடுக்களையில் விறகடுப்புக்கு மேலே, கையெட்டும் உயரத்தில் ஒரு கொடியில் கட்டிவிடுவாள். எங்கள் ஊர் மரச்சிற்ப ஊர். வாகையிலும் மாவிலங்கையிலும் சாமி செதுக்கும் பட்டறைகளில் உதிரும் சில்லுகளைச் சாக்கில் வாங்கி வந்து எரிப்போம். காலையும் மாலையும் எழும் புகை மாசக்கணக்கில் அந்தச் சரத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். புகையில் இருக்கும் பீனால் வகைப் பொருள்கள் கிருமியைத் தடுக்கும், கொழுப்பு காறுவதையும் தாமதப்படுத்தும் என்று பின்னாளில் படித்தேன். அவளுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. "பொகை பட்டதுல பூச்சி அண்டாது கண்ணு" என்பாள்.

டெக்சாஸில் மாட்டு நெஞ்சுக்கறியைப் புகையில் வேகவைப்பதைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்தக் கொடிதான் கண்ணில் நின்றது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக்காரர்கள், விற்காமல் மிஞ்சிய கறியைப் புகைபோட்டு, காகிதத்தில் மடித்து விற்றார்கள். லாக்ஹார்ட்டில் 1900இல் தொடங்கிய கிரைட்ஸ் மார்க்கெட் அப்படி வந்த கடை. நெஞ்சுக்கறி அந்தக் கடைகளின் அடையாளமானது அதற்கு வெகுகாலம் கழித்து. மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. உடம்பின் பாரத்தில் பாதிக்கு மேல் முன்பக்கத்துத் தசைகள்தான் தாங்குகின்றன. அதனால் நெஞ்சுப் பகுதி நாரேறி முறுகிக் கிடக்கும். சுமார் 110 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓக் விறகுப் புகையில் கிடந்தால், அந்த நார் கரைந்து பசையாகிக் கறி இளகுகிறது. அவர்களுக்குக் கொழுப்பு வேண்டும், எங்களுக்கு ஆகாது. அவர்களுக்கு ஒரு பகல், எங்களுக்கு மாசங்கள். ஆனால் இரண்டும் மிஞ்சியதை வீணாக்காமல் காத்ததில் தொடங்கியவை. தென்னமெரிக்காவின் கெச்சுவா மொழிச் சொல்லில் இருந்து பெயர் வந்த ஜெர்க்கி என்ற உலர்கறியும், தென்னாப்பிரிக்காவின் பில்டாங்கும் இதே குடும்பம்தான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நெஞ்சுக்கறிக்கு நம்மூரில் உண்மையான உடன்பிறப்பு மாட்டுக்கறி உப்புக்கண்டம். தலித் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாக அதைக் காயவைத்தார்கள். ஊர்த்தெருவிலோ அதன் பெயரை மூக்கைச் சுளித்தே சொன்னார்கள். எங்கள் தெருவும் அப்படித்தான் சொன்னது. மராட்டியில் ஷாஹூ பட்டோலே 2015இல் எழுதிய ‘அன்ன ஹே அபூர்ண பிரம்ம’ என்ற நூல், மராத்வாடா தலித் அடுப்படிகளின் உலர்ந்த மாட்டுக்கறியை அதற்குரிய மரியாதையோடு பதிவுசெய்தது. சமையல் நூல்களில் ஆட்டு உப்புக்கண்டத்துக்குக் கிடைக்கும் பக்கங்கள் இதற்கும் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பிறகு அடுப்பு மாறியது. 2006 தேர்தலுக்குப் பின் தமிழ்நாட்டில் இலவச எரிவாயு அடுப்பு வந்தது, 2016இல் உஜ்வலா எரிவாயுத் திட்டம் வந்தது. கொடியின் கீழே புகை நின்றது. அதற்காக நான் அழ மாட்டேன். அம்மாயியின் கண்கள் எப்போதும் சிவந்தே இருந்தன. விடிகாலையில் அவள் இருமும் சத்தத்தில்தான் நாங்கள் எழுந்தோம். கண்டத்துக்கு ருசி ஏற்றிய அதே புகைதான் அவள் நெஞ்சிலும் படிந்தது.

இன்று பொட்டலத்தில் வரும் உப்புக்கண்டம் பெரும்பாலும் வெயிலிலோ மின் உலர்த்தியிலோ காய்ந்தது. வாங்கினால் ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். நடுவில் ஈரப்பசை இருந்தால் வேண்டாம். நல்லது விறகுச் சுள்ளி போல முறியும், உள்ளே கருஞ்சிவப்பாக இருக்கும். வெந்நீரில் கழுவி, குழவியால் நைய நசுக்கி, கடலெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வதக்க வேண்டும். பக்கத்தில் ராகிக்களியோ கம்மங்கூழோ. உப்பைத் தனியாகப் போட்டுவிடாதீர்கள்.

புகை பட்டது வேண்டுமென்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். போன பங்குனியில், தம்மம்பட்டியில் சின்னம்மா வீட்டில் கிடைத்தது. சமையல் எல்லாம் உள்ளே கேஸில். கொல்லையில், நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகையில், குளிக்க வெந்நீர் போட ஓர் அடுப்பு. அதில் வாகைச் சில்லு புகைந்துகொண்டிருந்தது. மேலே ஒரு கம்பி, கம்பியில் சணல், சணலில் கறுத்துச் சுருங்கிய துண்டுகள். எண்ணினேன், பதினொன்று.

"ஏழு எடுத்துக்க சாமி, நாலு இருக்கட்டும். ஒங்க சித்தப்பாவுக்குக் கூழு எறங்காது" என்றாள் சின்னம்மா. செய்தித்தாளில் மடித்துக் கொடுத்துவிட்டு, "கவர்ல கட்டி மூடிறாத, காத்தாட வெய்யி" என்று வாசல் வரை வந்து சொன்னாள். ஆத்தூர் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, யார் வீட்டுக் கண்டம் என்று கேட்டார்.