லண்டனில் ஆமணக்குப் பாத்தி

வட அட்சம் 51 பாகையைத் தாண்டி அமைந்த லண்டன் மாநகரில் வாழையும் சேம்பும் கல்வாழையும் திறந்தவெளிப் பாத்திகளில் இடம்பெற்ற வரலாறு, கண்ணாடி வீடுகளின் வரலாற்றோடு பிணைந்தது. கூரையும் சுவரும் கண்ணாடியாக அமைய, அடுப்பும் வெந்நீர்க் குழாயும் கொண்டு உள்ளே சூடேற்றப்படும் இக்கட்டடம் நெடுங்காலம் பெருநிலக்கிழார்களுக்கே கட்டுபடியானது; 1845-இல் கண்ணாடி வரி நீக்கப்பட்ட பின்னரே அதன் செலவு குறைந்தது. வெப்ப நாட்டுச் செடிகள் கடற்பயணத்தில் உப்புக்காற்றுக்கும் நன்னீர்த் தட்டுப்பாட்டுக்கும் இரையாகி மடிந்துவந்த குறையை, நதானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் வகுத்த மூடிய கண்ணாடிப் பெட்டி தீர்த்தது. மண்ணிலிருந்து எழும் ஈரம் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்குவதால் அப்பெட்டிக்குள் நீர் ஊற்ற வேண்டியதில்லை. 1833-இல் சிட்னிக்கு அனுப்பப்பட்ட பெட்டிகளில் செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன.

இச்செடிகளைக் கண்ணாடிக்கு வெளியே கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் ஜான் கிப்சன். டெவன்ஷயர் கோமகனின் சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் பணிபுரிந்த இவர், 1835-இல் செடி சேகரிப்பதற்கென்றே இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, காசி மலைகளில் திரட்டிய ஆர்க்கிட் வகைகளோடு 1837-இல் நாடு திரும்பினார். பின்னாளில் லண்டன் பேட்டர்சீ பூங்காவின் பொறுப்பை ஏற்ற அவர், 1860-களில் அங்கே அமைத்த தோட்டமே ‘துணைவெப்பமண்டலத் தோட்டம்’ என்று பெயர்பெற்றது. அதில் இடம்பெற்ற செடிகளுள் பல அசல் வெப்பமண்டலத்தவையாதலின் அப்பெயர் அவ்வளவு பொருத்தமானதன்று. எனினும் அதுவே நிலைத்துவிட்டது.

கிப்சனின் திறமை செடித் தேர்வைவிட இடத்தைப் பண்படுத்தியதிலேயே மிகுதியும் வெளிப்பட்டது எனலாம். குளிர்நாட்டில் அகன்ற இலைச் செடிகளைக் கெடுப்பவை குளிரோடு காற்றும், வடியாமல் தேங்கும் நீருமே என்பதை உணர்ந்து, மண்மேடுகளையும் அடர்ந்த மரங்களையும் காற்றுத் தடுப்பாக்கி, பாத்திகளின் அடியில் கற்குவியலைப் பரப்பி, மேல்மண்ணை உயர்த்தி, நீர் விரைந்து வடியவும் மண் எளிதில் சூடேறவும் வழிசெய்தார். கண்ணாடி வீட்டில் வளர்ந்த செடிகளைப் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துக் காற்றுக்குப் பழக்கிய பின்னரே கோடைத் தொடக்கத்தில் பாத்தியில் இறக்குவதும், உறைபனி விழுமுன் மென்மையானவற்றைப் பெயர்த்து மீண்டும் உள்ளே கொண்டுசெல்வதும் இம்முறையின் ஆண்டு வட்டமாயின. கண்ணுக்குக் காடாகத் தோன்றிய அத்தோட்டம் ஏறக்குறைய நான்கு மாத இரவல் காட்சியே.

அக்காட்சியின் நாயகர்களுள் ஒன்று ஆமணக்கு. தமிழகத்தில் வயலோரத்தில் எண்ணெய்க்காக விதைக்கப்பட்டு, அழகென்று எவரும் நின்று நோக்காத அச்செடி, அங்கே செம்பு நிறத் தண்டுக்காகவும் கைவிரல்போல் பிளந்த பேரிலைக்காகவும் பாத்தியின் நடுவில் நிறுத்தப்பட்டது. மலரை விட்டு இலையின் வடிவையும் பருமையையும் முதன்மையாக்கிய இந்தப் பார்வை மாற்றமே அவ்வியக்கத்தின் உண்மையான புதுமை.

ஆண்டுதோறும் நிலக்கரி எரித்து, ஆள்கூலி கொடுத்து நடத்தும் இம்முறை சிறு வீட்டுக்காரருக்கு எட்டாதது. 1871-இல் வெளிவந்த ‘துணைவெப்பமண்டலத் தோட்டம்’ என்னும் நூலில் வில்லியம் ராபின்சன், கண்ணாடி வீட்டின் தயவின்றிக் குளிரைத் தாங்கும் பேரிலைச் செடிகளைக் கொண்டே அதே தோற்றத்தை உருவாக்கலாம் என வாதிட்டார். வீட்டுக் கொல்லைத் தோட்டத்துக்கு வழிதிறந்தது கிப்சனின் ஆடம்பரத்தைவிட ராபின்சனின் இச்சிக்கனமே.

அதற்கான செடிகளுள் சில கிழக்காசியாவிலிருந்து வந்தன. ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து 1849-இல் அனுப்பிய, தண்டு முழுதும் நார் போர்த்திய பனையினம் பிரித்தானியக் குளிர்காலத்தை வெளியிலேயே தாங்கியது. ஹைக்கூக் கவிஞர் பாஷோ தம் புனைபெயரை எடுத்துக்கொண்ட ஜப்பானிய வாழையும் அத்தகையதே. முதற்பனியில் அதன் இலைகள் கருகியதும் அவற்றை வெட்டி, தண்டைச் சுற்றிக் கம்பிவலை நட்டு, இடையில் வைக்கோல் திணித்து, மழை இறங்காதவாறு மேலே மூடிவிடுவர். தண்டு அழுகினாலும் கிழங்கு பிழைத்தால் வசந்தத்தில் குருத்து எழும். கனி உண்பதற்கு உதவாது. இலைக்காகவே இத்தனை பாடும்.

1993-இல் கிழக்கு சசெக்ஸின் கிரேட் டிக்ஸ்டர் இல்லத்தில் கிறிஸ்டோபர் லாயிட், கட்டடக் கலைஞர் லட்டியன்ஸ் வகுத்த ரோஜாத் தோட்டத்தை அகற்றி, அவ்விடத்தில் வாழையும் கல்வாழையும் டேலியாவும் நட்டபோது, ஆங்கிலேயர் தங்கள் மரபின் அடையாளமாகக் கருதிய மலர் அயல்நாட்டு இலைக்கு இடம்விட்டது கண்டு பலர் முகஞ்சுளித்தனர். அத்தோட்டம் லாயிட் 2006-இல் மறைந்த பின்னும் தொடர்கிறது. விதையில் கொடிய நஞ்சுடைய ஆமணக்கு, இன்றும் அந்நாட்டு விதைப் பட்டியல்களில் அழகுச் செடிகளின் வரிசையிலேயே விற்கப்படுகிறது.