நாளறியாச் சாவும் நீண்ட துக்கமும்

தமிழர் துக்கத்திற்குக் கால வரையறை உண்டு. காடாற்று, பதினாறாம் நாள் கருமாதி, ஆண்டு முடிவில் திவசம் என்று அது படிப்படியாகத் தணியும். கருமாதியன்று உறவின் முறையார் கூடிக் கோடி போட்டு, உருமால் கட்டி, துக்க வீட்டாரை மீண்டும் ஊரோடு சேர்த்துவிடுவர். இவற்றை வெறுஞ் சடங்கென்று இகழ்வாரும் உளர். ஆயினும் அழுகைக்கு ஒரு முடிவு வகுத்தவை இவையே. இவற்றுக்கெல்லாம் அடிப்படை இரண்டு. ஒன்று இறந்தவர் உடல், மற்றொன்று இறந்த நாள்.

இவ்விரண்டும் கிட்டாத துக்கம் மலாயாத் தோட்டத் தமிழருக்குச் சயாம் மரண ரயிலால் வந்தது. சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் பாதையை ஜப்பானியர் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்தனர். தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் மாண்டனர். காலரா கண்ட முகாம்களில் பிணங்களைக் கும்பலாகப் புதைத்தனர், எரித்தனர். போர்க் கைதிகளுக்குப் பின்னர் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் எழுந்தன. அங்குள்ள பெரிய கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் உறங்குகின்றனர். நம்மவர் குழிகளுக்குப் பெயருமில்லை, எண்ணுமில்லை.

போனவர் இறந்தாரா, இருக்கிறாரா? நான் பிறந்த தோட்டத்தில் ஒரு பாட்டி இருந்தார். கணவரை 1943-இல் லாரியில் ஏற்றிச் சென்றனர். அவர் மீளவில்லை. பாட்டி பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. தை அமாவாசைக்கு லயமெங்கும் படையல் நடக்கும். அவர் வீட்டில் மட்டும் இலை விழாது. படைத்தால் அவர் செத்தாரென்று நானே ஒப்பியதாகாதா என்பார். இதனை அறியாமை என்று நான் எண்ணேன். நாள் தெரியாத துக்கத்தை அவர் எந்நாளில் முடிப்பது?

வழக்கம் இதற்கு வழி வைக்காமலில்லை. காணாமற் போனவருக்காகப் பல ஆண்டு காத்திருந்து, தருப்பையால் உருச்செய்து எரிக்கும் முறையைத் தரும நூல்கள் கூறும். அது லயத்து மக்களிடை பரவியதன்று. அவர்களுக்குக் கைகொடுத்தது அமாவாசையே. திதி தெரியாதவர்க்கு ஆடியும் புரட்டாசியும் தையும் பொது நாளாயின. தென்புலத்தாரை இல்லறத்தான் கடமைகளில் முதலில் வைத்த வள்ளுவர் நாளும் திதியும் பேசவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பழந்தமிழரிடம் மற்றொரு வழியும் இருந்தது. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று கல் நாட்டும் முறையை விரிக்கிறது. கல்லில் பெயரும் பீடும் எழுதினர். போரில் வீழ்ந்தார்க்குரிய அச்சிறப்பு, கூலியாகப் போய் வீழ்ந்தவர்க்கு எண்பது ஆண்டு கழித்தே வாய்த்தது. 2023-இல் காஞ்சனபுரியில் அவர்களுக்கு ஒரு நடுகல் எழுந்தது.

பாட்டி 1981-இல் காலமானார். அவருடைய கருமாதியன்று மகன், தாய்க்குப் பிண்டம் வைத்த இலையிலேயே தந்தைக்கும் ஒன்று வைத்தார். எந்தத் திதியென்று ஐயர் கேட்டார்.

“இன்றைக்கே இருக்கட்டும், சாமி” என்றார் மகன்.