மூதாதையா, ஆய்வுப் பொருளா?

மண்ணுள் கிடைக்கும் பழம்பொருள் எவருக்கு உரியது? நிலமுடையவருக்கா, கண்டெடுத்தவருக்கா, ஆராய்பவருக்கா? கிடைத்தது மனித எலும்பாயின் மற்றொரு வினாவும் எழும்: அவன் எவருடைய முன்னோன்?

1996 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கென்னவிக் நகரை அடுத்த கொலம்பியா ஆற்றில் படகுப் போட்டி காண வந்த மாணவர் இருவர் ஒரு மண்டையோட்டைக் கண்டனர். தொடர்ந்து ஏறத்தாழ முழு எலும்புக்கூடும் கிடைத்தது. இடுப்பெலும்பில் கல்லாலான ஈட்டிமுனை ஒன்று பதிந்திருந்தது. அம்மனிதன் வாழ்ந்து ஏறத்தாழ 8,500 ஆண்டுகள் ஆகின்றன என்று இன்று கணிக்கப்படுகிறது.

அந்நிலம் நடுவண் அரசின் படைப் பொறியாளர் துறையின் பொறுப்பில் இருந்தது. அரசு நிலத்தில் கிடைக்கும் தொல்குடியினர் எலும்புகளை அவர்தம் வழியினரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். உமட்டில்லா, யாக்கமா, கோல்வில் உள்ளிட்ட ஐந்து குடியினர் அவனைத் தம் தொன்முதுவோன் என்றனர். மீண்டும் மண்ணில் அடக்கம் செய்யக் கோரினர். எட்டு அறிஞர்கள் ஆய்வுரிமை வேண்டி வழக்குத் தொடுத்தனர். மண்டையோட்டின் வடிவம் இன்றைய தொல்குடியினரை ஒத்ததன்று என்ற கருத்து அவர்களுக்குத் துணை நின்றது.

2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அறிஞர் பக்கம் தீர்ப்பளித்தது. தொன்றுதொட்டு இம்மண்ணிலேயே வாழ்கிறோம் என்று தலைமுறைதோறும் வழங்கிவந்த வாய்மொழிக் கதைகளை, இத்துணை நெடுங்காலத்துக்குப் போதிய சான்றாக அது ஏற்கவில்லை. எலும்புகள் சியாட்டில் நகரின் பர்க் அருங்காட்சியகத்திலேயே இருந்தன.

2015இல் கையெலும்பிலிருந்து பெற்ற மரபணு வேறு தீர்ப்பு வழங்கியது. உலக மக்களுள் அவனுக்கு மிக நெருங்கியவர்கள் அமெரிக்கத் தொல்குடியினரே என்பது தெளிவாயிற்று. ஒப்பிடுவதற்குத் தம் மரபணுவை அளித்தவர்கள் கோல்வில் குடியினர். 2016 டிசம்பரில் எலும்புகளைத் திருப்பியளிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 2017 பிப்ரவரி 18 அன்று, வெளியே அறிவிக்கப்படாத ஓரிடத்தில், இருநூற்றுக்கும் மேற்பட்டோர் கூடி அவனை அடக்கம் செய்தனர்.

ஆய்வே வேண்டாததென்று இதிலிருந்து முடிவு கட்டுவதற்கில்லை. உறவை உலகறிய நிறுவியதும் ஆய்வே. ஆயினும், மண்டையோட்டின் வடிவை வைத்துச் செய்த ஊகம் பிழைத்தது. பாட்டன் பாட்டியர் சொல்லிவந்த கதை பிழைக்கவில்லை. அதனை மெய்ப்பிக்க அம்மக்கள் இருபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

எழுத்தில் இல்லாததைச் சான்றன்று எனத் தள்ளும் பழக்கம் நம்மிடமும் உண்டு. சொல்லையே செல்வமாகக் கொண்ட நம் வட்டத்தினர், ஊர்ப்புறத்து முதியவரின் வாய்மொழியைக் கேட்க அமரும்போது இவ்வழக்கை நினைவிற் கொள்வது நலம்.