டாப்பைக் கழட்டுற கார்: ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் துருவும்

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். வருஷத்துல பாதி நாள் வெயில் காயுற ஊர்ல நிக்கிற கார் எப்படித் துருப்பிடிக்கும்?

ஊர் மருங்காபுரி. திருச்சியில இருந்து மதுரை போற வழியில, துவரங்குறிச்சி பக்கம். ஒரு காலத்துல ஜமீன் இருந்த ஊர். அங்க எங்க தாத்தா வீட்டுத் தொழுவத்துல ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நிக்குது. ரெண்டு கதவு மாடல். தாத்தா போனதுக்கு அப்புறம் அதை யாரும் எடுக்கல. போன பொங்கலுக்குப் போனப்போ, கதவுக்கு மேல டாப்போட ஓரத்துல சும்மா விரலை வச்சு அழுத்தினேன். விரல் உள்ள போயிடுச்சு. அங்க பெயின்ட் மட்டும்தான் இருந்துச்சு, இரும்பு இல்ல.

"எடைக்குப் போட்டுடலாம்டா"ன்னு அப்பா சொன்னாரு. போடுறதுக்கு முன்னாடி, இந்த டாப்பு ஏன் இந்த இடத்துல போச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. தேடிப் போனா, கதை இங்கிலாந்துல கொண்டுபோய் நிறுத்துச்சு.

பாடி செய்ய ஆள் இல்லாத கம்பெனி

கவென்ட்ரி நகரத்துல ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. ட்ரையம்ஃப் அவங்களோட இன்னொரு பிராண்ட். கார் கம்பெனின்னா எல்லாத்தையும் தாங்களே செய்வாங்கன்னு நினைக்காதீங்க. தகட்டைப் பெரிய பிரஸ்ல அழுத்தி பாடி செஞ்சு கொடுக்கத் தனி கம்பெனிகள் இருந்துச்சு. அதுல முக்கியமான ஒண்ணு ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953ல அந்தக் கம்பெனியைப் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிடுச்சு. இப்போ ஸ்டாண்டர்டோட அடுத்த காருக்கு முழு பாடியை யார் செஞ்சு தருவா?

அந்த நேரத்துல உலகம் மோனோகாக் பக்கம் போயிட்டு இருந்துச்சு. அதாவது தனி சேஸிஸ் கிடையாது, தரை, பக்கம், டாப்பு எல்லாம் ஒண்ணா வெல்டு பண்ணின ஒரே கூடு. நம்ம அம்பாசடர், ஃபியட் எல்லாம் அப்படித்தான். ஹாரி வெப்ஸ்டர் தலைமையில இருந்த ஸ்டாண்டர்ட் இன்ஜினியர்கள் எதிர்த் திசையில நடந்தாங்க. தனி சேஸிஸ், அதுக்கு மேல பல இடங்கள்ல செஞ்சு வாங்கின சின்னச் சின்ன பாகங்கள், எல்லாத்தையும் போல்ட் போட்டுக் கோக்குறது. உருவத்தை வரைஞ்சது இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. 1959ல ட்ரையம்ஃப் ஹெரால்ட் வந்துச்சு.

அதுல டாப்பும் தனி பாகம். அதே அடி பாடியில ஒரு டாப்பு வச்சா சலூன், வேற டாப்பு வச்சா கூபே, மடக்குற துணி வச்சா கன்வர்ட்டிபிள். பாகங்களாப் பெட்டியில அடைச்சு வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்க கோக்குறதுக்கும் வசதி.

இங்கதான் நம்ம ஊரு கதைக்குள்ள வருது.

வண்டலூர்ல ஹெரால்ட்

ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948ல ஆரம்பிச்ச கம்பெனி. தொழிற்சாலை சென்னைக்கு வெளிய, வண்டலூர் பக்கம். 1953ல இந்திய அரசோட கட்டண ஆணையம், படிப்படியா இங்கேயே பாகங்களைத் தயாரிக்கிற திட்டம் உள்ளவங்க மட்டும் கார் தொழில்ல இருக்கலாம்னு பரிந்துரைச்சுது. வெறுமனே கோத்துக்கிட்டு இருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிட்டாங்க. அதுக்கு அப்புறம் இந்தியாவில கார் வாங்கணும்னா பெரும்பாலும் மூணே பேரு: அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட்.

1961ல இங்க ஹெரால்ட் வந்துச்சு, 948 சிசி இன்ஜினோட. பிறகு நாலு கதவு மாடல் ஒண்ணு வந்துச்சு. அது இந்தியாவுக்குன்னே செஞ்சது. பிரிட்டன்ல ஸ்டாண்டர்ட்ங்கிற பிராண்ட் 1963ல முடிஞ்சு போச்சு. சென்னையில அது 1980கள் வரைக்கும் ஓடுச்சு.

துரு எங்க உட்காருது?

சரி, தொழுவத்துக்கு வருவோம். ஹெரால்ட் டாப்பு முன்னாடி கண்ணாடி ஃபிரேம் மேலயும், பின்னாடி டிக்கிக்கு முன்னாடி இருக்குற தகட்டு மேலயும் உட்காரும். நடுவுல ரப்பர் பீடிங். கதவுக்கு மேல மழைத்தண்ணி ஓட ஒரு சின்ன வாய்க்கால். ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணு படியுற இடம் இதெல்லாம்.

மருங்காபுரியில மழை நாள் கம்மிதான். ஆனா ஐப்பசி, கார்த்திகையில பெய்யுறது போதும். வேப்பிலையும் புழுதியும் அந்த வாய்க்கால்ல சேர்ந்து, ஈரத்துணி மாதிரி தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். வெயில்ல காஞ்சு வெடிச்ச பீடிங் வழியாத் தண்ணி உள்ள இறங்கும். ரெண்டு தகட்டுக்கு நடுவுல பெயின்டும் இல்ல, காத்தோட்டமும் இல்ல. இரும்பு துருவா மாறினா ரெண்டு மடங்குக்கும் மேல இடம் எடுத்துக்கும். அதனால அது தகடுகளைப் பிளக்கும், இன்னும் தண்ணிக்கு வழி விடும். வெளிய பெயின்ட்ல சின்னக் கொப்புளம் தெரியுறப்போ உள்ள வேலை முடிஞ்சிருக்கும். நான் விரல் வச்சது அந்தக் கொப்புளத்து மேலதான்.

மணப்பாறையில இருந்து ஒரு டிங்கரிங் அண்ணனைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். சுத்தி சுத்திப் பாத்தாரு. "தம்பி, இதே ஃபியட்டா இருந்தா நின்ன இடத்துலயே மேல குனிஞ்சு வேலை பாக்கணும். இது டாப்பு கழண்டு வரும். கீழ வச்சு நிதானமாப் பாக்கலாம்"னாரு.

அந்த ஒரு வார்த்தையில எனக்கு முழுக் கதையும் புரிஞ்சுது. 1953ல பாடி செய்ய ஆள் இல்லாம போட்ட இணைப்புகள்தான் தண்ணியை உள்ள விட்டுச்சு. அதே இணைப்புகள்தான் இன்னைக்கு ரிப்பேருக்கும் வழி விடுது.

வெட்டணும், ஆனா எவ்வளவு?

வேலை இப்படித்தான். முதல்ல உள் கூரைத் துணியை முழுசாக் கழட்டணும், வெல்டிங் பொறி பட்டா பத்திக்கும். அப்புறம் போல்டுகளை எடுத்து டாப்பைத் தூக்கணும். துரு போன இடத்தைப் பளபளன்னு நல்ல இரும்பு தெரியுற வரைக்கும் வெட்டணும். அதே கனத்துல, அதாவது ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியான தகட்டுல, வாய்க்காலோட வளைவுக்கு ஒரு துண்டைத் தட்டிச் செய்யணும். பிறகு வெல்டு. ஒரே கோடா இழுத்தா சூட்டுல டாப்பு நெளிஞ்சிடும். இங்க ஒரு பொட்டு, தள்ளி இன்னொரு பொட்டு, ஆற விட்டு அடுத்தது. கடைசியா ஜிங்க் பிரைமர், இணைப்புக்கு சீலன்ட், மேல மெல்லிசா பட்டி. ஓட்டையை வெறும் பட்டியால அடைச்சா ரெண்டு மழைக்காலம் தாங்குறதே பெருசு.

வெல்டிங் நம்ம மாவட்டத்துக்குப் புதுசு இல்ல. பொன்மலை ரயில்வே பணிமனையும், 1960கள்ல திருவெறும்பூர்ல வந்த பெல் பாய்லர் ஆலையும் இருக்குற மண் இது. ஆனா பாய்லர் வெல்டிங் கனமான இரும்பு. கார் டாப்பு அப்பளம் மாதிரி. கை வேற, பொறுமை வேற.

இன்னொரு விஷயமும் இருக்கு. 2021ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி பதிவு விதி கொண்டு வந்துச்சு. 50 வருஷத்துக்கு மேல ஆகி இருக்கணும், சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. பதிவானா நம்பர் பிளேட்ல வி.ஏ.ன்னு எழுத்து வரும். தினசரி ஓட்ட முடியாது. 1960கள்ல வந்த ஹெரால்ட் எல்லாம் இப்போ அந்த வயசைத் தாண்டிடுச்சு. அதனால எவ்வளவு வெட்டுறோம், எவ்வளவு வச்சுக்குறோம்ங்கிறது அழகுக்கான கேள்வி மட்டும் இல்ல. வடிவத்தையே மாத்திட்டா, அந்தக் காரோட அடையாளமும் போயிடும்.

நாங்க என்ன முடிவு பண்ணினோம்? ஓரங்களை மட்டும் புதுசாப் போடுறோம். நடுத் தகடு பழசு அப்படியே இருக்கும், தாத்தா காலத்துல விழுந்த நசுங்கலோட சேர்த்து. போன வாரம் டாப்பைத் தூக்கினோம். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் எடைக்குப் போடச் சொன்ன அப்பா. "இவ்வளவு லேசாவா இருக்கும்?"னு கேட்டாரு.

உங்க ஊர்லயும் ஏதாவது தொழுவத்துல ஒரு பழைய கார் நிக்கலாம். எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி, டாப்போட ஓரத்துல சேர்ந்திருக்குற இலையை ஒரு தடவை கையால வழிச்சுப் போட்டுட்டுப் பாருங்க.