ஒலுவில் துறைமுகம்: போர் ஓய்ந்த பின் மணல் மூடிய திட்டம்

வடக்கு கிழக்கில் அரசு திட்டமிட்டு உருவாக்கிய தொழிற்சாலை ஊர்களின் கதையைக் கேட்டால், அது பெரும்பாலும் போரில் வந்து நிற்கும். 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் மூடப்பட்டது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இடிபாடாகிப் போனது. வாழைச்சேனை காகித ஆலை போரிலும் நிர்வாகச் சீர்கேட்டிலும் நலிந்தது. அம்பாறைக் கரையோரத்தில் உள்ள ஒலுவில் துறைமுகத்தின் கதை வேறு. அது கட்டப்பட்டதே போரின் முடிவை ஒட்டித்தான். அதை முடக்கியது கடல் மணல்.

பாலமுனையும் ஒலுவிலும் அட்டாளைச்சேனை பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த அயல் ஊர்கள். நெல்வயலும் கடலுமே இங்குள்ளவர்களின் சீவியம். 1994இல் துறைமுகங்கள், கப்பல்துறை, புனர்வாழ்வு ஆகியவற்றுக்குப் பொறுப்பான அமைச்சராகப் பதவியேற்ற எம்.எச்.எம். அஷ்ரஃப், ஒலுவிலைத் தென்கிழக்கின் மையமாக்க விரும்பினார். 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. மறு ஆண்டு அது முழுமையான பல்கலைக்கழகமாகியது. 1990களின் இறுதியில் ஒலுவில் கரையில் வெளிச்சவீடு எழுந்தது. பல்கலைக்கழகம் படித்த பிள்ளைகளைத் தரும், துறைமுகம் அவர்களுக்குத் தொழில் தரும் என்பதே மக்கள் கொண்ட நம்பிக்கை.

அஷ்ரஃப் 2000 செப்டம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் காலமானார். 2004 டிசம்பர் 26 சுனாமி, நாட்டிலேயே அதிக உயிர்களை அம்பாறை மாவட்டத்தில்தான் பறித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தனைக்கும் பிறகு, 2008இல் டென்மார்க்கின் கடனுதவியுடன் துறைமுக வேலை ஆரம்பமானது. டென்மார்க் நிறுவனம் ஒன்றே அதைக் கட்டியது. செலவு சுமார் 46 மில்லியன் யூரோ. வணிகக் கப்பல்களுக்கு ஒரு பகுதியும் மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு பகுதியும் அமைந்தன. துறைமுகத்துக்காகக் காணி கொடுத்தவர்களின் நட்டஈட்டுப் பிரச்சினை நீண்ட காலம் இழுபட்டது. 2013 செப்டம்பர் 1ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச துறைமுகத்தைத் திறந்துவைத்தார்.

வணிகக் கப்பல்களின் வழமையான போக்குவரத்து அங்கு ஏற்படவேயில்லை. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்து ஆழ்கடல் படகுகளுக்கு மட்டும் அது சில காலம் பயன்பட்டது. பின்னர் துறைமுக வாயிலில் மணல் சேரத் தொடங்கியது. படகுகள் தரைதட்டின. தொழிலாளர்கள் படகுகளை வாழைச்சேனை போன்ற தூரத்துத் துறைமுகங்களுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அதனால் எரிபொருள் செலவு கூடியது, வீட்டை விட்டுத் தங்கும் நாட்களும் கூடின.

இந்த மணல் எங்கிருந்து வந்தது? இந்தக் கரையில் அலைகள் ஆண்டு முழுவதும் மணலை அள்ளிச் செல்கின்றன. பருவக்காற்றுக்கு ஏற்ப அதன் திசை மாறினாலும், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போகும் மணலே அதிகம். கரையிலிருந்து கடலுக்குள் கல்லணை நீட்டினால் இந்த ஓட்டம் தடைப்படும். தெற்குப் பக்கம் மணல் குவியும். குவிந்த மணல் அணையின் முனையைச் சுற்றி வந்து வாயிலை அடைக்கும். வடக்குக் கரைக்கோ வரவேண்டிய மணல் வராது. ஆனால் அங்குள்ள மணலை அலை வழமைபோல் எடுத்துக்கொண்டே இருக்கும். ஒலுவிலின் வடக்குப் பகுதியிலும் நிந்தவூரிலும் தென்னைகளும் காணிகளும் கடலுக்குள் போனது இப்படித்தான். கரை போனதால் தோணி இழுத்து வைக்கவும் கரைவலை இழுக்கவும் இடமில்லாமல் போனது. தடுப்பாகப் போட்ட பாறாங்கற்கள் ஓரிடத்தைக் காத்தாலும், அரிப்பு அடுத்த இடத்துக்கு நகர்ந்தது.

இதனால் ஒரே ஊர்ச் சனங்கள் இரண்டுபட்டார்கள். 2018இல் மணலை அகழ்ந்து வாயிலைத் திறக்கும்படி படகுக்காரர்கள் போராடினர். கடலரிப்புக்குத் தீர்வு காணாமல் அகழ விடமாட்டோம் என்று கரையோரக் குடும்பங்கள் நின்றன. இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஒரு பக்கத்தாருக்குத் தொழில் போகிறது, மற்றப் பக்கத்தாருக்குக் குடியிருந்த மண் போகிறது.

இது எவரும் அறியாத புதுப் பிரச்சினை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபோது தெற்கே மணல் குவிந்து மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. இதற்கு வழியும் உண்டு. ஒரு பக்கம் சேரும் மணலைக் குழாய் வழியாக மறுபக்கக் கரைக்கு அனுப்பலாம். அவுஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் இப்படித்தான் செய்கிறார்கள். அதற்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். துறைமுகத்தைக் கட்டி முடிப்பதோடு செலவு முடிவதில்லை.

இன்று காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் என்று புதிய கைத்தொழில் வலயங்கள் பற்றிப் பேசப்படுகிறது. போரால் எல்லாவற்றையும் இழந்த மக்களுக்குத் தொழில் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அடிக்கல் நாட்டுமுன் கேட்கவேண்டிய கேள்விகளை ஒலுவில் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. பராமரிப்புச் செலவை யார் ஏற்பது? நிலம் கொடுப்பவருக்கு நட்டஈடு எப்போது கிடைக்கும்? பக்கத்து ஊருக்குப் பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு? இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைத்த பிறகே அத்திவாரம் வெட்ட வேண்டும். ஒலுவில் கரையோரக் குடும்பங்களோ தங்களுக்குரிய பதிலைக் காணியை இழந்த பிறகுதான் கேட்டு நிற்க நேர்ந்தது.