தூதரகப் பணமும் ஊர்க் கணக்கும்

ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்காகக் கால் கடுக்க நின்றவர்கள் அந்நிய தேசத்துப் பணத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் அது. ஜப்பானியரும் பிரெஞ்சுக்காரரும் கூட்டாகக் கட்டிய மோட்டார் தொழிற்சாலை 2010-ல் அங்கே திறக்கப்பட்டது. அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே இருங்காட்டுக்கோட்டையில் கொரியாக்காரர்களின் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்துவிட்டது. இந்தப் பணம் வந்தபோது சர்க்கார் மேளதாளத்தோடு எதிர்கொண்டு அழைத்தது. நிலம் கொடுத்தது, சாலை போட்டது, வரியிலும் சலுகை காட்டியது.

இதே ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, "பஞ்சாயத்துக் கணக்கைப் படிக்க ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறோம்" என்று சென்னையிலுள்ள ஒரு துணைத் தூதரகத்திடம் சில லட்சம் ரூபாய் கேட்கட்டும். அப்போது கதையே வேறு. சங்கம் மத்திய சர்க்காரின் உள்துறையில் பதிவாகவேண்டும், அல்லது முன் அனுமதி பெறவேண்டும். 2020-ம் வருஷத் திருத்தத்தின்படி பணம் புதுடில்லியிலுள்ள ஸ்டேட் பாங்கின் பிரதான கிளைக்குத்தான் முதலில் வரவேண்டும். சென்னையில் கொடுத்த பணம் டில்லி யாத்திரை போய்விட்டு ஒரகடம் வந்து சேருகிறது!

இந்தச் சந்தேகம் ஆதியிலிருந்தே இருந்ததல்ல. ஒரு காலத்தில் சர்க்காரே அமெரிக்க ஸ்தானிகரோடு உட்கார்ந்து பேசி, கிராம சீர்திருத்தத்துக்குப் பணம் வாங்கியது. 1951 கடைசியில் டில்லிக்கு வந்த செஸ்டர் பௌல்ஸ் விளம்பரத் தொழிலில் பொருள் சேர்த்தவர். சரக்கை எப்படி விற்பது என்று அவருக்குத் தெரியும். சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய் இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இந்தியக் கிராமத்தான் வயிற்றுப் பசியோடு இருந்தால் அவனும் அந்த வழியே போய்விடுவான் என்று வாஷிங்டன் பயந்தது. பயத்தில் பிறந்த தர்மம் என்றாலும் தர்மம்தான். நேருவுக்கோ வேறொரு கனவு இருந்தது. உத்தரப் பிரதேசத்தின் இட்டாவா ஜில்லாவில் 1948 முதல் ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞரின் யோசனைப்படி நடந்துவந்த சோதனையை அவர் அறிந்திருந்தார். 1952 ஜனவரி 5-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று; 5 கோடி டாலர். அதில் ஒரு பங்கு சமுதாய வளர்ச்சித் திட்டத்துக்கு. அந்த வருஷமே காந்தி ஜயந்தியன்று 55 இடங்களில் வேலை தொடங்கியது. ஓரிடத்துக்குச் சுமார் 300 கிராமம், 2 லட்சம் ஜனங்கள். கிராம சேவகர்களைப் பழக்க போர்டு ஸ்தாபனம் பணம் கொடுத்தது.

என்ன ஆயிற்று? கிணறும் சாலையும் பள்ளிக்கூடமும் வந்தன. பொய் சொல்லக் கூடாது. ஆனால் எத்தனை எருக்குழி, எத்தனை கிணறு என்ற எண்ணிக்கை, சேவகரிடமிருந்து வட்டார அதிகாரிக்கும், அங்கிருந்து கலெக்டருக்கும், டில்லிக்கும் மேலே மேலே போயிற்றே ஒழிய, ஊராரிடம் ஒருவரும் கணக்குச் சொல்லவில்லை. 1957-ல் பல்வந்தராய் மேத்தா கமிட்டி விசாரித்து, ஜனங்கள் இதைத் தங்கள் காரியமாக எடுத்துக்கொள்ளவே இல்லை என்று கண்டது. அந்த ஏமாற்றத்திலிருந்துதான் அதிகாரமுள்ள பஞ்சாயத்துகள் என்ற எண்ணம் வலுத்தது. நம் ராஜ்யத்தில் 1958-ம் வருஷப் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தது.

கணக்குச் சொல்வது நமக்குப் புதிதா? ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகப் போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. குடவோலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு விதி: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவனுடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி குடத்துப் பக்கமே வரக்கூடாது. மைத்துனன் வரைக்கும் விலக்கு! ஆனால் அது நிலமுள்ள அந்தணர்களின் சபை. ஏரியில் மண் வெட்டியவன் பெயர் எந்த ஓலையிலும் இல்லை.

தூதரகப் பணத்தைக் கண்டு பயப்படுகிறவர்களை நான் பரிகசிக்க மாட்டேன். அமெரிக்க உளவு ஸ்தாபனம் மாணவர் சங்கங்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்த விஷயம் 1967-ல் அமெரிக்கப் பத்திரிகையிலேயே வெளியாயிற்று. ஆனால் அந்நிய நன்கொடைக்குக் கடிவாளம் போட்ட முதல் சட்டம் 1976-ல், நெருக்கடி நிலையின்போது பிறந்தது என்பதையும் மறக்க முடியவில்லை. வாயைத் திறக்கவே கூடாது என்றிருந்த காலம் அது.

இதற்கிடையில் ராஜஸ்தானத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 1990-ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற ஏழைகள் சங்கம், அந்நியப் பணம் வேண்டாம் என்றே வைத்துக்கொண்டது. பஞ்சாயத்து வேலைக்குக் கூலி கொடுத்ததாக எழுதியிருந்த பட்டியலை 1994-ல் ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலையே செய்யாதவர் பெயரெல்லாம் வெளியே வந்தது. 1996-ல் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா. ஊரார் தானியமும் காய்கறியும் கொடுத்தார்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்ததற்கு அந்தப் பந்தலும் ஒரு காரணம். தமிழ்நாடு 1997-லேயே இப்படி ஒரு சட்டம் போட்டது உண்மை. விதிவிலக்குகளே அதில் அதிகம்.

இப்போது ஒரகடத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் அக்டோபர் 2-ந் தேதி கிராம சபை கூடவேண்டும். 1952-ல் திட்டம் தொடங்கிய அதே தேதி. வரவு செலவு அங்கே ஜனங்கள் முன் வைக்கப்படவேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவர்கள்தான் சபையின் அங்கத்தினர். திருவண்ணாமலையிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, வாடகை அறையில் படுத்து ஷிப்டு வேலை பார்க்கும் பெண்களும் பிள்ளைகளும் அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது.